ஸ்கேனர், பில் மிஷின், டெலிவரி ஆப்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அப்பா தொடங்கிய மெஸ்ஸை இப்போது நானும் தங்கையும் நடத்துகிறோம். காரிமங்கலம், பர்கூர், ஊத்தங்கரை பக்கம் கடை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்டதையும், எங்கள் மேசையில் கை கழுவிவிட்டு வந்து வாடிக்கையாளர்கள் கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: ராத்திரி கல்லாவை மூடும்போது இன்று எவ்வளவு வந்தது, எது எங்கே போனது என்று கடைக்காரருக்கே தெரிய வேண்டும். அதைக் காட்டாத கருவிக்கு மாத வாடகை கட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

டீக்கடைக்கு ஸ்கேனர் வைக்க என்ன செலவாகும்? வரும் பணத்தில் கமிஷன் பிடிப்பார்களா?

ஸ்கேனர் என்று நாம் சொல்லும் அந்தக் கட்டம் போட்ட ஸ்டிக்கருக்குச் செலவே இல்லை. வங்கிக் கணக்கு, அதோடு இணைந்த போன் நம்பர், கூகுள் பே, போன்பே, பேடிஎம் போன்ற ஏதாவது ஒன்றில் வியாபாரிகளுக்கென்று இருக்கும் ஆப், இவ்வளவு போதும். இந்த ஆப்கள் எல்லாம் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ முறை 2016-இல் வந்தது. வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 12 ரூபாய் டீக்கு 12 ரூபாயும் வந்து சேரும்.

ஸ்டிக்கரை விட முக்கியம், அது யார் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பது. எங்கள் கடைக்கு முதலில் வைத்த ஸ்கேனர் சித்தப்பா மகன் பெயரில் இருந்தது. அப்பாவிடம் பட்டன் போன்தான், அதனால் அவசரத்துக்கு அப்படிச் செய்தோம். சனிக்கிழமை தோறும் அவன் மொத்தமாக எடுத்துக் கொடுப்பான். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் 11,000 ரூபாய் இடித்தது. அவன் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. அவனுடைய பெட்ரோலும் ரீசார்ஜும் எங்கள் இட்லிக் காசோடு கலந்துவிட்டன, எது யாருடையது என்று பிரிக்கவே முடியவில்லை. வீட்டில் இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடை யாருடையதோ அவர் பெயரில், கடைக்கென்றே தனிக் கணக்கில் ஸ்கேனர் இருக்கட்டும். அந்தக் கணக்கில் வீட்டுச் செலவு எதுவும் நுழைய வேண்டாம்.

பேசுகிற பெட்டி, அதாவது சவுண்ட் பாக்ஸ், அவசியமா?

நெரிசல் இருக்கும் கடைக்கு அவசியம் என்பேன். ராத்திரி எட்டரை மணிக்குக் கொத்துப் பரோட்டா கல்லில் தட்டும் சத்தம், நாலு பேர் பார்சல் கேட்கிறார்கள், ஒருவர் போனைத் தூக்கிக் காட்டி "போட்டாச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அந்த நேரத்தில் போனைத் திறந்து பார்க்க யாருக்குக் கை இருக்கிறது? பெட்டி தமிழிலேயே தொகையைச் சொல்லிவிடும். அதற்குள் தனி சிம் இருப்பதால் நம் போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் பேசும். மாத வாடகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும் என்பதால் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு வையுங்கள்.

பணம் போனது போலவே திரையில் பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் சுற்றுகின்றன. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுபவர்களும் உண்டு. எனவே வாடிக்கையாளரின் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம் பெட்டியோ நம் ஆப்போ சொல்லட்டும். இன்னொரு வேலையும் நடக்கிறது: ராத்திரி கடை மூடிய பிறகு நம் ஸ்டிக்கர் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது. காலையில் கடை திறந்ததும் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பெட்டி பேசினால் சரி. பேசவில்லையென்றால் அன்றைய முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நமக்குப் பணம் வந்து சேர நம் ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) நம்பரை, போடவே வேண்டியதில்லை. யாராவது "பணம் அனுப்புகிறேன், உங்கள் பின் போடுங்கள்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரிதான். பணம் நடுவில் நிற்கும். ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, கடைக்குச் சேராத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். அந்தப் பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் ஆப்பிலோ வங்கியிலோ புகார் போடுங்கள். சப்ளையர் தம்பியிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. எங்களுக்கு அது சாப்பாட்டு நேரம். பாதிப் பேர் பையில் பணம் இல்லை. தங்கை பழைய சிட்டை நோட்டை எடுத்து 17 பேர் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் 15 பேர் கொடுத்துவிட்டார்கள். சேலம் போய்ச் சேர்ந்த பிறகு ஒருவர் அனுப்பினார். அன்றிலிருந்து கல்லாவில் சில்லறையும் நோட்டுப் புத்தகமும் எப்போதும் வைத்திருக்கிறோம்.

ஒகேனக்கல் போகிறோம். மீன் வறுவல் கடையில் ஜிபே ஓடுமா?

கடைக்காரர்களிடம் ஸ்கேனர் இருக்கிறது, சிக்கல் சிக்னலில் வரும். பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போதும், அஞ்செட்டி பக்கமும் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது நல்லது. மீன் வாங்க, அதை வறுக்கக் கொடுக்க, பரிசல் ஏற, எண்ணெய் தேய்த்துவிடுபவருக்குக் கொடுக்க என்று பல கை மாறும் இடம் அது.

யுபிஐ லைட் என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே 5,000 ரூபாய் வரை அதில் ஏற்றி வைத்தால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் போடாமலே கொடுக்கலாம். வங்கி சர்வர் திணறும் நேரத்திலும் அது ஓடிவிடும். இன்டர்நெட் இல்லை, பேசும் அளவுக்கு மட்டும் சிக்னல் இருக்கிறது என்றால் *99# அடித்து அனுப்பலாம். பட்டன் போனிலும் அது வேலை செய்யும், எங்கள் அப்பா இப்போது அப்படித்தான் பால்காரருக்கு அனுப்புகிறார்.

ஆப்பில் இவ்வளவு பணம் வந்தால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும் என்கிறார்களே? ஸ்கேனரை எடுத்துவிடலாமா?

கடைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதுதான். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் ஸ்கேனரைக் கழற்றிவிட்டுப் பணம் மட்டும் வாங்கின. ஓசூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் செய்தி, அதனால் பயம் இங்கேயும் வந்துவிட்டது.

பயத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். சமைத்துப் பரிமாறுவது சேவையில் வருகிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டும். 20 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 5,479 ரூபாய். காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஓடும் ஒரு சுமாரான மெஸ் இதைத் தாண்டிவிடும். பல பேர் தாங்கள் இன்னும் சின்னக் கடைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இந்தக் கணக்கைச் சொன்னதும் அமைதியாகிவிடுகிறார்கள்.

இந்த 20 லட்சத்தில் ரொக்கமும் சேரும், யுபிஐயும் சேரும். ஸ்கேனரை எடுத்துவிட்டால் வரி குறையாது, விற்பனைதான் குறையும். பையில் நோட்டு இல்லாமல் வரும் கல்லூரிப் பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பதிவு செய்தால் இரண்டு வழி இருக்கிறது. சாதாரணப் பதிவில் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்கிக் கட்டலாம். அரிசி மண்டியிலும் காஸுக்கும் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. இன்னொன்று காம்போசிஷன். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் இதில் சேரலாம். இதிலும் 5 சதவீதம்தான், ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது, நம் விற்பனையிலிருந்தே கட்ட வேண்டும். எழுத்து வேலை குறைவு. 80 ரூபாய் சாப்பாட்டுக்கு 84 ரூபாய் என்று பில் போட்டால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்பதால் நாங்கள் காம்போசிஷன் எடுத்து, விலையை யோசித்து வைத்தோம். உங்கள் கடைக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கைமாற்று, சீட்டுப் பணம், உறவினர் அனுப்பிய பணம் எல்லாம் கடைக் கணக்கில் விழுந்திருந்தால் விற்பனை எது என்று நிரூபிக்கும் சிரமம் உங்களுடையது. தனிக் கணக்கு வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகவும்தான்.

நல்ல பக்கமும் ஒன்று உண்டு. கணக்குப் புத்தகம் விரிவாக எழுதாத சிறு வியாபாரிகளுக்கு வருமான வரியில் லாபத்தை மதிப்பிடும்போது ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதும் யுபிஐ வரவு பேசும். புது கிரைண்டருக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில் மேலாளர் ஆறு மாத வரவுத் தாளைத்தான் முதலில் கேட்டார்.

பில் மிஷின் போட்டால் என்ன லாபம்? எங்கள் கடையில் மூன்று பேர்தான்.

மூன்று பேர் கடைக்கு உடனே வேண்டாம். இரண்டு சப்ளையர், ஒரு மாஸ்டர், கல்லாவில் ஒருவர் என்று ஆனதும் யோசியுங்கள்.

அப்பா சாப்பாட்டுக் கணக்கை இலையில் பார்ப்பார். காலையில் இலைக்கட்டில் எத்தனை இலை, மாலையில் மீதி எத்தனை, கிழிந்தது எத்தனை. அந்த எண்ணிக்கைக்கும் கல்லாவுக்கும் பொருந்தினால் நிம்மதியாகத் தூங்குவார். பில் மிஷின் வாங்கிய பிறகும் ஒரு மாதம் நான் இரண்டையும் எண்ணினேன். தினமும் நாலு, ஐந்து இலை கூடுதலாகப் போயிருந்தது. யாரும் திருடவில்லை. இரண்டாம் பந்தி நெரிசலில் ஆம்லெட், கூடுதல் சாப்பாடு என்று வாயால் சொல்லி வாங்கியது பில்லுக்கு வராமலே போயிருந்தது. அப்புறம் சமையலறைக்கு ஒரு சீட்டு, கல்லாவுக்கு ஒரு சீட்டு என்று பிரித்தோம். சீட்டு வராமல் மாஸ்டர் எதையும் தர மாட்டார். மாஸ்டருக்கு முதலில் பிடிக்கவில்லை, "என்னை நம்பலையாப்பா" என்று கேட்டார். ஒரு வாரத்தில் அவரே, யார் என்ன கேட்டார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரம் குறைந்தது என்றார்.

இன்னொன்றும் தெரிந்தது. பதினொரு மணிக்கு மேல் தோசை ஏழெட்டுதான் விற்கிறது, ஆனால் கல் மதியம் வரை எரிந்துகொண்டிருந்தது. இப்போது பதினொன்றுக்குக் கல்லை அணைத்துவிடுகிறோம். காஸ் சிலிண்டர் மிச்சமாவது கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த மிஷினுக்கு மை வேண்டாம், வெப்பத்தில் அச்சாகும் தாள். ஆனால் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அடுப்பு பக்கம் வைத்தால் கறுத்துப் போகும். வாங்கிய சரக்கின் பில்லை அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களை விட்டுப் போனால் என் பழைய கணக்கை எடுத்துத் தருவீர்களா?" எங்களுக்கு முதலில் போட்டுக் கொடுத்த ஒருவர் தரவில்லை. ஓர் ஆண்டுக் கணக்கு அவரோடு போயிற்று.

சாப்பிடப் போகிறவர் பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

ஜிஎஸ்டி போட்டிருந்தால் கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் சாப்பிட்டால் அது கர்நாடகம், 29. எண் இல்லாமலோ, காம்போசிஷன் என்று எழுதிவிட்டோ வரி தனியாகப் போட்டிருந்தால் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், 2022-இலிருந்து அது கட்டாயம். சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருந்தால் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. பில் போட போன் நம்பர் தந்தே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்று சொல்லலாம்.

ஸ்விகி, சொமேட்டோவில் கடையைச் சேர்க்கலாமா?

ஓசூரில் கடை என்றால் யோசிக்கலாம். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் பிள்ளைகள் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரத்தில் கடைக்குக் கடை வேறுபடும். கிராமத்துப் பக்கம் பேச்சே இல்லை.

சேர்வதற்கு முன் ஒரு பிரியாணியை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆப்பில் 200 ரூபாய் என்று வைக்கிறீர்கள். கமிஷன் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், உதாரணத்துக்கு 25 சதவீதம் என்றால் 50 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 9 ரூபாய். கைக்கு வருவது 141. டப்பா, கவர், வெங்காயப் பச்சடிக்குத் தனி மூடி எல்லாம் 10 ரூபாய் என்றால் 131. தள்ளுபடியை உங்கள் தலையில் போட்டிருந்தால் இன்னும் குறையும். கறி, அரிசி, காஸ், கூலிக்கு 131 போதுமா? போதும் என்றால் சேருங்கள். ஆப் வழியாகப் போகும் உணவுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரி முதல் அந்த நிறுவனங்களே கட்டுகின்றன, அந்த வேலை உங்களுக்கு இல்லை.

எல்லாப் பண்டமும் வண்டியில் போகாது. எங்கள் கடையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் அதிகம் ஓடும். களியை ஒரு தடவை டப்பாவில் அனுப்பினோம். அரை மணி நேரத்தில் இறுகிப்போய், குழம்பு ஒட்டாமல், வாங்கியவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார். அவர் போட்டது நியாயம்தான். களியைச் சூடாக உருட்டி வைத்ததும் நடுவில் விரலால் குழி செய்து குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டும். இப்போது களி கடையில் மட்டும், ஆப்பில் பிரியாணி, பரோட்டா, சாப்பாட்டு வகை மட்டும்.

நேராக வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கினால்?

நாலைந்து தெருவுக்குள் கொடுப்பதென்றால் இதுதான் லாபம். வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் இலவசம், விலைப்பட்டியலை அதிலேயே போட்டு வைக்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள் என்று பழக்கிவிட்டோம், எத்தனை படி அரிசி போடுவது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

பெரிய ஆர்டரில் கவனம். "ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 60 பேருக்குச் சாப்பாடு, முன்பணம் அனுப்ப உங்கள் கார்டு நம்பர் சொல்லுங்கள்" என்று இந்தியில் பேசி ஏமாற்றுபவர்கள் பல ஊரில் இருக்கிறார்கள். எங்களுக்கும் வந்தது. நேரில் வந்து முன்பணம் கொடுங்கள் என்றதும் போனை வைத்துவிட்டார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு.

நெடுஞ்சாலைக் கடைக்கு எது முக்கியம்?

கூகுள் மேப். பெங்களூரிலிருந்து சேலம் போகும் குடும்பம் சூளகிரியிலோ கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலோ வண்டி நிற்கும்போதே அடுத்த கடையைத் தேடிவிடுகிறது. கடையைப் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை. திறக்கும் நேரம், மூடும் நேரம், கழிப்பறை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று உண்மையாகப் போடுங்கள். மாதம் ஒரு தடவை உங்கள் பக்கத்தில் இருக்கும் போன் நம்பரைச் சரிபாருங்கள், வேறு யாராவது திருத்தம் போட்டு மாற்றிவிட முடியும். குறை எழுதியவருக்கு மரியாதையாகப் பதில் எழுதுங்கள், படிப்பவர்கள் அதையும் பார்க்கிறார்கள்.

மெனு கார்டை எடுத்துவிட்டு ஸ்கேன் மட்டும் வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வருபவர்கள் எங்கள் கடையில் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் ஒரு பெரியம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வரச் சொன்னால், "போன் இல்லீங்க சாமி, காசுதான் இருக்குது, வாங்குவீங்களா?" என்று கேட்டார். வேறு எங்கோ வாங்க மறுத்திருக்கிறார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த நோட்டைக் காட்டினார். அன்றே வாசலில் "ரொக்கமும் வாங்குகிறோம்" என்று பெரிதாக எழுதி வைத்தேன். விலைப்பலகையும் வாசலைப் பார்த்த மாதிரி இருக்கட்டும், உள்ளே வருமுன் விலை தெரிந்தால் கையில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாக உட்காருவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கடை என்றால் தமிழோடு தெலுங்கு, கன்னடத்திலும் எழுதுங்கள்.

பார்சல் எடுக்க வரும் டெலிவரி தம்பிகளை எங்கே நிற்க வைப்பது?

கல்லா முன்னால் நின்றால் வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல், ரோட்டில் நின்றால் அவர்களுக்கு வெயில். நாங்கள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டோம். குடிக்கத் தண்ணீர்க் குடம், போன் சார்ஜ் போட இரண்டு பிளக். போனில் சார்ஜ் போய்விட்டால் அவர்களுக்கு அன்றைய வேலையே போய்விடும். ஆர்டர் தயாராகவில்லை என்றால் இன்னும் எத்தனை நிமிடம் என்று மாஸ்டரே குரல் கொடுத்துவிடுவார்.